காலேஜ் பையன் கையில் கடன் அட்டை!

மளிகைக் கடைப் பற்றுப் புத்தகம் தெரியாத வீடு தமிழ்நாட்டில் உண்டா?

மாதம் பிறந்ததும் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கடனாக வாங்குவோம். கடைக்காரர் தம் பெரிய நோட்டில் எழுதுவார். நம் சிறிய புத்தகத்திலும் எழுதிக் கொடுப்பார். சம்பளம் வந்ததும் கணக்கைத் தீர்ப்போம். அடுத்த மாதம் புதுப் பக்கம் தொடங்கும்.

இந்தப் பழக்கத்தில் ஒரு பெரிய பாதுகாப்பு இருந்தது. என்ன அது? கடைக்காரருடைய கண்தான்!

பாக்கி ஏறிக்கொண்டே போனால் அண்ணாச்சி சும்மா இருக்கமாட்டார். "பழைய பாக்கியிலே கொஞ்சம் கட்டிட்டு வாங்கிக்கோங்க அக்கா" என்று, நாலு பேர் இருக்கும்போது சொல்லிவிடுவார். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே பல வீடுகளில் செலவு அடங்கிக் கிடந்தது.

இப்போது கல்லூரி மாணவர்கள் கைக்கும் ஒரு பற்றுப் புத்தகம் வந்திருக்கிறது. இது காகிதத்தில் இல்லை. பிளாஸ்டிக்கில் இருக்கிறது. சட்டைப் பையில் அடங்கும். அதுதான் கிரெடிட் கார்டு என்னும் கடன் அட்டை.

இதுவும் பற்றுக் கணக்குத்தான். ஆனால் அண்ணாச்சியின் கண் இதற்கு இல்லை. பாக்கி ஏறினால் இது முகம் சுளிக்காது. "இன்னும் வாங்கிக்கொள், உனக்கு இடம் இருக்கிறது" என்றுதான் சொல்லும்.

அப்படியானால் பிள்ளைகளுக்குக் கார்டே வேண்டாமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. படிப்பு முடிந்து வேலைக்குப் போனால், முதல் சம்பளம் வருவதற்குள் கார்டு கொடுக்க ஆள் வந்துவிடுகிறது. தெரியாத ஊரில், தனியாக, கை நிறையப் பணம் வரும்போது கற்றுக்கொள்வதைவிட, வீட்டில் இருக்கும்போதே, சிறு தொகையில் கற்றுக்கொள்வது நல்லது. சைக்கிள் விடக் கற்றுக்கொடுப்பதைப் போலத்தான்! பின்னால் ஒரு கை பிடித்துக்கொண்டு ஓடவேண்டும்.

அந்தக் கையைப் பிடிக்கவேண்டியவர்கள் பெற்றோர். அதற்குப் பெற்றோருக்கு முதலில் கார்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

இரண்டு கார்டு, இரண்டு குணம்

ஏ.டி.எம். கார்டு பல வீடுகளில் இருக்கிறது. அதை டெபிட் கார்டு என்பார்கள். அதில் எடுக்கும் பணம் நம்முடைய பணம். கணக்கில் 500 ரூபாய் இருந்தால் 500 ரூபாய்க்குத்தான் செலவு செய்யலாம். அதற்குமேல் போகாது.

கிரெடிட் கார்டு பார்ப்பதற்கு அதைப் போலவே இருக்கும். ஆனால் அதில் எடுப்பது பாங்கியின் பணம். இன்று பாங்கி நமக்காகக் கடைக்காரருக்குக் கொடுக்கிறது. பிறகு நாம் பாங்கிக்குக் கொடுக்கவேண்டும். எவ்வளவு வரை என்பதற்கு ஒரு எல்லை உண்டு. அதை லிமிட் என்பார்கள்.

இங்கேதான் ஒரு மயக்கம் வருகிறது. லிமிட் 50 ஆயிரம் ரூபாய் என்றால், தன்னிடம் 50 ஆயிரம் ரூபாய் இருப்பதாகப் பையன் நினைத்துக்கொள்கிறான். அது அவன் பணம் அல்ல. அவன் படக்கூடிய கடனின் அளவு!

முன்பெல்லாம் கார்டை எடுத்து நீட்டினால்தான் செலவு. இப்போது அதுவும் வேண்டாம். 2022-ம் ஆண்டிலிருந்து ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யுடன் இணைத்துக்கொள்ளலாம். டீக்கடையில் ஒட்டியிருக்கும் கட்டத்தைக் கைப்பேசியால் ஸ்கேன் செய்கிறான். பணம் போகிறது. அது சொந்தப் பணமா, கடனா என்று பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. பல சமயம் செய்தவனுக்கே நினைவிருக்காது.

ஓட்டலில் தொடங்கியது

இந்தக் கார்டு பிறந்த கதை சுவையானது. 1950-ம் ஆண்டு அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் 'டைனர்ஸ் கிளப்' என்ற அட்டை வந்தது. பிராங்க் மெக்நமாரா என்பவர் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தாராம். பணப்பையைக் காணோம்! வீட்டிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டார். அந்த அவமானத்தில்தான் இந்த யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். கதையில் கொஞ்சம் கை, கால் ஒட்டவைத்திருக்கலாம். ஆனாலும் கதை நிலைத்துவிட்டது.

அந்த முதல் அட்டை பிளாஸ்டிக் அல்ல. வெறும் காகித அட்டை. அதற்கு ஒரு விதி இருந்தது. மாதம் முடிந்தால் முழுப் பணத்தையும் கட்டவேண்டும். அதாவது நம் மளிகைக் கடைக் கணக்கேதான்.

இந்த விதி 1958-ம் ஆண்டு மாறியது. 'பாங்க் ஆப் அமெரிக்கா' என்ற பாங்கி கலிபோர்னியா மாநிலத்தில் பிரெஸ்னோ என்ற ஊருக்கு ஒரே சமயத்தில் சுமார் 60 ஆயிரம் கார்டுகளைத் தபாலில் அனுப்பியது. யாரும் கேட்கவில்லை. தானாக வீடு தேடி வந்தது! "முழுவதையும் கட்டவேண்டாம். கொஞ்சம் கட்டு. மீதியை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். வட்டி மட்டும் போடுவோம்" என்பதுதான் புதுமை. நூற்றுக்கு 4 பேர் பாக்கி வைப்பார்கள் என்று பாங்கி கணக்குப் போட்டது. ஆனால் நூற்றுக்கு 22 பேர் பாக்கி வைத்தார்கள். அந்தக் கார்டுதான் பிற்காலத்தில், 1976-ம் ஆண்டு, 'விசா' என்று பெயர் மாறி உலகமெல்லாம் பரவியது.

கேட்காமல் கார்டு அனுப்புவதை 1970-ம் ஆண்டு அமெரிக்கா தடை செய்தது. பாங்கிகள் அடுத்து எங்கே போயின தெரியுமா? கல்லூரி வாசலுக்கு! மேஜை போட்டு உட்கார்ந்து, "கையெழுத்துப் போட்டால் பனியன் இலவசம், தின்பண்டம் இலவசம்" என்று கூவி மாணவர்களைப் பிடித்தார்கள். பனியனுக்கு ஆசைப்பட்டுக் கையெழுத்துப் போட்ட மாணவர்கள் ஏராளம். படிப்பு முடிந்து பட்டத்தோடு கடனையும் சுமந்துகொண்டு வெளியே வந்தார்கள். 2009-ம் ஆண்டு ஒரு சட்டம் போட்டார்கள். 2010-ம் ஆண்டு பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. 21 வயது நிரம்பாதவருக்குக் கார்டு வேண்டுமானால், கட்டுவதற்குச் சொந்த வருமானம் காட்டவேண்டும். அல்லது பெரியவர் ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும். கல்லூரியிலும் அதன் பக்கத்திலும் பரிசுப் பொருள் கொடுத்து ஆள் பிடிக்கக்கூடாது. மேல்படிப்புக்காகப் பிள்ளையை அமெரிக்கா அனுப்பும் குடும்பங்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நம் நாட்டில் 1980-ம் ஆண்டு சென்ட்ரல் பாங்கி கார்டு கொடுக்கத் தொடங்கியது. வெகுகாலம் அது பெரிய இடத்துச் சமாச்சாரமாகவே இருந்தது. 2024-ம் ஆண்டு தொடக்கத்தில் நாட்டில் புழங்கும் கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டிவிட்டது.

பில்லில் இரண்டு தொகை

மாதம் ஒருமுறை பில் வரும். அதில் பல எண்கள் இருக்கும். எல்லாம் புரியவேண்டும் என்பதில்லை. நான்கை மட்டும் தேடிப் பிடித்தால் போதும். பில் போட்ட தேதி, பணம் கட்டக் கடைசித் தேதி, மொத்தப் பாக்கி, குறைந்தபட்சத் தொகை. கடைசியில் சொன்னதை 'மினிமம் டியூ' என்பார்கள். வினையெல்லாம் அதில்தான் இருக்கிறது.

முதலில் தேதியைப் பார்ப்போம். ஒருவருக்கு மாதாமாதம் 5-ந் தேதி பில் போடுகிறார்கள். 25-ந் தேதி கட்டக் கடைசி நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை 6-ந் தேதி ஒரு புத்தகம் வாங்கினால் அது ஆகஸ்டு 5-ந் தேதி பில்லில் வரும். ஆகஸ்டு 25-ந் தேதி கட்டலாம். 50 நாள் வட்டியில்லாக் கடன்! ஆகஸ்டு 4-ந் தேதி வாங்கியிருந்தால் 21 நாள்தான். முழுப் பணத்தையும் தேதிக்குள் கட்டுகிறவருக்கு வட்டி ஒரு காசும் கிடையாது. இதுதான் கார்டின் நல்ல பக்கம்.

ஆனால் விடுதியில் இருக்கும் பையனுக்கும் ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"கார்டுக்குப் பணம் கட்டிட்டியாப்பா?"

"கட்டிட்டேம்மா."

"எவ்வளவு கட்டினே?"

"கேட்டதைக் கட்டிட்டேன். ஆயிரம் ரூபாய்."

"பில்லு எவ்வளவு வந்துச்சு?"

பதில் வராது!

அவன் பொய் சொல்லவில்லை. பாங்கி கேட்ட குறைந்தபட்சத் தொகையை ஒழுங்காகத்தான் கட்டியிருக்கிறான். தாமதக் கட்டணம் இல்லை. யாரும் போன் செய்து மிரட்டவில்லை. எல்லாம் சரியாக இருப்பதாகவே அவனுக்குத் தோன்றுகிறது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது?

பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

பையன் 20 ஆயிரம் ரூபாய்க்குக் கைப்பேசி வாங்கிவிட்டான். வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு 3 ரூபாய் 50 காசு. அந்த வட்டியின்மேல் நூற்றுக்கு 18 ரூபாய் ஜி.எஸ்.டி. வரி. குறைந்தபட்சத் தொகை பாக்கியில் நூற்றுக்கு 5 ரூபாய். ஆக, முதல் பில்லுக்கு 1,000 ரூபாய் கட்டுகிறான். முதல் பில் வரைக்கும் ஆகும் வட்டியைக்கூட நாம் விட்டுவிடுவோம்.

மீதி 19 ஆயிரம். அதற்கு ஒரு மாத வட்டி 665 ரூபாய். வரி சுமார் 120 ரூபாய். இரண்டும் சேர்ந்து 785 ரூபாய். அடுத்த பில்லில் பாக்கி 19 ஆயிரத்து 785 ரூபாய்!

1,000 ரூபாய் கட்டினான். கடன் குறைந்தது 215 ரூபாய். மீதி 785 ரூபாய் எங்கே போயிற்று? வட்டிக்கும் வரிக்கும் போயிற்று.

இப்படியே ஒரு வருடம், 12 தவணை, தவறாமல் குறைந்தபட்சத் தொகையைக் கட்டுகிறான் என்று வையுங்கள். புதிதாக ஒரு பொருளும் வாங்கவில்லை. வருட முடிவில் அவன் கட்டியது 11 ஆயிரத்து 300 ரூபாய்க்கு மேல். பாக்கி எவ்வளவு தெரியுமா? இன்னும் 17 ஆயிரத்து 500 ரூபாய்க்கு மேல்! அதற்குள் கைப்பேசியின் கண்ணாடி உடைந்துகூடப் போயிருக்கும்.

அதே பையன் மாதம் 2,000 ரூபாய் என்று விடாப்பிடியாகக் கட்டினால், 13 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். ஆனால் 20 ஆயிரம் ரூபாய்க் கைப்பேசிக்கு அவன் கொடுத்தது சுமார் 25 ஆயிரம் ரூபாயாக இருக்கும்.

இன்னொரு சங்கதி. பழைய பில்லில் பாக்கி வைத்தால், அந்த 50 நாள் சலுகை நின்றுபோகும். அதன்பிறகு அவன் பன்னும் டீயும் வாங்கினால்கூட, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பெரும்பாலோருக்கு இது தெரியாது. கார்டைக் கொண்டு ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுத்தாலும் இதே கதிதான். பாக்கி இல்லாதவருக்கும் ரொக்கத்துக்குச் சலுகை நாள் கிடையாது. எடுத்த அன்றே வட்டி தொடங்கும். அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

மூன்றரை வட்டி!

நம் ஊரில் வட்டியைப் பற்றிப் பேசும்போது "ஒரு வட்டி, இரண்டு வட்டி, மூணு வட்டி" என்போம். மாதத்துக்கு நூற்றுக்கு எத்தனை ரூபாய் என்பது கணக்கு. மூணு வட்டி என்றால் தாய்மார்கள் நெஞ்சில் கை வைப்பார்கள். பல பாங்கிகளில் நகைக் கடன் ஒரு வட்டிக்குள்ளேயே கிடைக்கிறது. ஆனால் குளுகுளு அறையில் உட்கார்ந்துகொண்டு, பளபளக்கும் கார்டில் கொடுக்கும் கடன் பெரும்பாலும் மூன்று வட்டி முதல் மூன்றே முக்கால் வட்டி வரை! வருடக் கணக்கில் நூற்றுக்கு 36 ரூபாய் முதல் 45 ரூபாய் வரை ஆகிறது.

இதைத் தடுக்க முடியாதா? ஒரு முயற்சி நடந்தது. நூற்றுக்கு 30 ரூபாய்க்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வியாபாரம் என்று 2008-ம் ஆண்டு தேசிய நுகர்வோர் கமிஷன் தீர்ப்புச் சொன்னது. பாங்கிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. 2024-ம் ஆண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. வட்டியைப் பற்றி முடிவு செய்வது நுகர்வோர் கமிஷனின் வேலை அல்ல, அது ரிசர்வ் பாங்கியின் பொறுப்பில் உள்ளது என்பது தீர்ப்பின் சாரம். ஆகவே வட்டிக்கு மேல்வரம்பு வந்து பிள்ளையைக் காப்பாற்றும் என்று காத்திருப்பதில் பயன் இல்லை.

'வட்டியில்லாத் தவணை' என்று விளம்பரங்கள் வருகின்றன. வட்டி சைபர் என்பதே கிடையாது என்று ரிசர்வ் பாங்கி 2013-ம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. வட்டியை எங்கோ விலையில் ஒளித்திருப்பார்கள். அல்லது கிடைக்கவேண்டிய தள்ளுபடியை எடுத்திருப்பார்கள். பரிசுப் புள்ளிகள் தருகிறார்களே என்று மாணவர்கள் கேட்கலாம். புள்ளிக்காகச் செலவு செய்வது, கொசுறுக் கறிவேப்பிலைக்காக ஒரு கூடைக் காய்கறி வாங்குவதைப் போன்றது!

வேலைக்கே வினை

"சின்னப் பையன், சின்னக் கடன். பிறகு கட்டிக்கொள்வான்" என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது.

யார் எங்கே கடன் வாங்கினார்கள், தேதியில் கட்டினார்களா என்பதை எழுதி வைக்கும் கம்பெனிகள் நாட்டில் நான்கு உள்ளன. அவற்றில் பெயர் தெரிந்தது 'சிபில்'. பள்ளிக்கூட மார்க்கைப் போல 300 முதல் 900 வரை மார்க் போடுவார்கள். தேதி தவறினால் மார்க் குறையும். தேதியில் கட்டினால் ஏறும். பிற்காலத்தில் வண்டிக் கடன், வீட்டுக் கடன் கேட்டுப் போனால் பாங்கி முதலில் பார்ப்பது இதைத்தான்.

கடனோடு நின்றால் பரவாயில்லை. உத்தியோகத்துக்கும் வந்துவிட்டது! ஸ்டேட் பாங்கியில் அதிகாரி வேலைக்குத் தேர்வான ஒருவருடைய நியமனத்தை, கடன் விவரக் குறிப்பு மோசமாக இருந்ததால் பாங்கி ரத்து செய்தது. அவர் சென்னை ஐகோர்ட்டில் வழக்குப் போட்டார். கடன்களை எல்லாம் கட்டி முடித்துவிட்டதாக வாதாடினார். 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. பொதுமக்கள் பணத்தைக் கையாளும் வேலைக்குப் பணவிஷயத்தில் ஒழுங்கு வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியே என்று கோர்ட்டு பாங்கியின் பக்கம் சொல்லிவிட்டது. பரீட்சை எழுதி, நேர்காணல் முடிந்து, நியமன உத்தரவும் வந்த பிறகு கைநழுவிய வேலை அது.

பாங்கிப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் வீடுகள் நம்மிடம் எத்தனை எத்தனை! அந்த வீடுகளில் இந்தச் செய்தியை எழுதி ஒட்டிவைத்தாலும் தகும்.

தன்னுடைய விவரக் குறிப்பை ஒவ்வொரு கம்பெனியிடமிருந்தும் வருடத்துக்கு ஒருமுறை இலவசமாக வாங்கிப் பார்க்கலாம். 18 வயது நிரம்பிக் கார்டு வைத்திருக்கும் மாணவர்கள் வருடந்தோறும் வாங்கிப் பார்ப்பது நல்லது. வாங்காத கடன் பெயரில் ஏறியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

எப்படிப் பழக்குவது?

வருமானம் இல்லாத மாணவனுக்குப் பாங்கி எளிதில் கார்டு கொடுக்காது. கார்டு கேட்பவருக்குச் சொந்த வருமானம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுக்கவேண்டும் என்று ரிசர்வ் பாங்கி சொல்லியிருக்கிறது. ஆகவே மாணவர்களுக்கு வழி இரண்டுதான்.

ஒன்று, அப்பா அல்லது அம்மாவின் கார்டோடு சேர்ந்த துணைக் கார்டு. மற்றொன்று, பாங்கியில் பிக்சட் டெபாசிட் போட்டு, அதன் பேரில் வாங்கும் கார்டு.

துணைக் கார்டில் ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். செலவு செய்வது மகன்; பொறுப்பு அப்பாவுக்கு! பாக்கி நின்றால் அப்பாவின் மார்க்தான் குறையும். டெபாசிட் கார்டில் அப்படி இல்லை. 10 ஆயிரமோ 15 ஆயிரமோ டெபாசிட் போட்டால், ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் லிமிட் கிடைக்கும். கட்டாவிட்டால் பாங்கி டெபாசிட்டில் எடுத்துக்கொள்ளும். பையன் பெயரிலேயே கணக்கு. அவன் பெயரிலேயே மார்க். பழகுவதற்கு இதுவே மேல் என்பது எமது கருத்து. கல்லூரியில் சேர்ந்த முதல் வருடமே வேண்டாம். முதல் வருடம் டெபிட் கார்டில், மாதச் செலவுக்குக் கொடுக்கும் பணத்தைக் கடைசி வாரம் வரை வைத்திருக்கக் கற்றுக்கொள்ளட்டும். அது வராத பிள்ளைக்குக் கடன் அட்டை எதற்கு?

கார்டு வந்ததும் எல்லாச் செலவுக்கும் அதை நீட்டக்கூடாது. ஏதாவது ஒரு செலவுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடவேண்டும். கைப்பேசி ரீசார்ஜ் அல்லது புத்தகம். மாதம் 500, 600 ரூபாய்க்குள் முடிகிற செலவு. அந்தப் பணத்தை அவன் கையில் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். கார்டில் செலவு செய்த அன்றே அந்தப் பணத்தைத் தனியே எடுத்து வைக்கட்டும். நம் தாய்மார்கள் அஞ்சறைப் பெட்டியில் பணம் ஒதுக்கி வைப்பதைப் போலத்தான். பில் வரும்போது தேட வேண்டியதில்லை.

கணக்கிலிருந்து பாங்கியே பணம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. அதற்கு ஒப்புதல் கொடுக்கும்போது 'மொத்தப் பாக்கி' என்றும், 'குறைந்தபட்சத் தொகை' என்றும் இரண்டு கட்டங்கள் இருக்கும். எதில் குறி போடுகிறான் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மொத்தப் பாக்கியில்தான் போடவேண்டும். அவசரத்தில் மற்றதில் போட்டுவிட்டு, "தானாகத்தான் கட்டுகிறதே" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறவர்கள் உண்டு!

பில் வரும் நாளை வீட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாதமாவது இருவரும் சேர்ந்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "இது என்னடா, இது என்னடா" என்று கேட்டுக்கொண்டே வந்தால் போதும். பதில் சொல்லும்போது அவனுக்கே விளங்கும். வாங்காத பொருளுக்குப் பில் வந்திருந்தால் அப்போதே பிடிபடும். கார்டை யாராவது திருட்டுத்தனமாக உபயோகித்ததாகத் தெரிந்தால், பாங்கிக்கு உடனே சொல்லிக் கார்டை முடக்கவேண்டும். இணைய மோசடிக்கான 1930 என்ற எண்ணுக்கும் போன் செய்யவேண்டும். கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்டு எந்தப் பாங்கியும் பேசாது. கேட்டால் அவன் திருடன்தான்.

வெளிநாட்டுச் செலவு, இணையச் செலவு ஆகியவற்றைக் கார்டில் அடைத்து வைக்கவும், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு போடவும் வசதி இருக்கிறது. 2020-ம் ஆண்டு ரிசர்வ் பாங்கி போட்ட உத்தரவு அது. புதிதாகக் கார்டு பிடிக்கும் கைக்கு இந்தக் கடிவாளம் அவசியம். கேட்காமல் பாங்கி கார்டு அனுப்பக்கூடாது. சம்மதம் இல்லாமல் லிமிட்டை உயர்த்தவும் கூடாது. "உங்கள் லிமிட்டை உயர்த்துகிறோம், ஒரு பொத்தானை அழுத்துங்கள்" என்று செய்தி வரும். அழுத்தாமல் விட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது!

ஏற்கெனவே மாட்டிக்கொண்டால்?

பிள்ளை கார்டில் கடன்பட்டுவிட்டான். வீட்டுக்குச் சொல்லப் பயப்படுகிறான். இதுதான் எல்லாவற்றிலும் மோசமான நிலைமை. பயத்தினால் அவன் இன்னொரு இடத்தில் கடன் வாங்கி இதைக் கட்டுவான். கைப்பேசியில் பத்து நிமிஷத்தில் கடன் தருகிறோம் என்று சொல்லும் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் அயோக்கியர்களும் உண்டு. கைப்பேசியில் உள்ள பெயர்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, உறவினர்களுக்கு அனுப்புவதாக மிரட்டுவார்கள். கடன் கொடுப்பவர்கள் அப்படி எடுக்கக்கூடாது என்று 2022-ம் ஆண்டே ரிசர்வ் பாங்கி உத்தரவு போட்டிருக்கிறது. உத்தரவை மதிக்கிறவன் ஏன் மிரட்டப் போகிறான்? 500 ரூபாய் பாக்கியைச் சொன்னபோது வீட்டில் விழுந்த அடிக்குப் பயந்துதான், 50 ஆயிரம் ரூபாய் பாக்கியை ஒரு பையன் மறைக்கிறான் என்பதைப் பெற்றோர் நினைத்துப் பார்க்கவேண்டும்.

பையன் வாய் திறந்து சொன்னால் முதலில் திட்டாதீர்கள். எல்லாப் பில்லையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு காகிதத்தில் எந்தப் பாக்கிக்கு எத்தனை வட்டி என்று எழுதுங்கள். அதிக வட்டி உள்ளதை முதலில் தீர்க்கவேண்டும். கார்டில் புதுச் செலவு அன்றோடு நிறுத்தம். வீட்டில் ஒரு நகை இருந்து, ஒரு வட்டிக்குள் பாங்கியில் கடன் கிடைக்குமானால், மூன்றரை வட்டிக் கடனை அதைக் கொண்டு அடைப்பது லாபம். நகையை வைக்கச் சொல்வது மனத்துக்குக் கஷ்டமான யோசனைதான். ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. நகை இல்லாவிட்டால், கார்டு கொடுத்த பாங்கியிடமே பேசி, பாக்கியை மாதத் தவணையாக மாற்றித் தரச் சொல்லலாம். அதன் வட்டி பெரும்பாலும் கார்டு வட்டியைவிடக் குறைவாக இருக்கும். "பாதி கட்டுங்கள், தீர்த்துக்கொள்ளலாம்" என்று பாங்கியே சொன்னால், உடனே சந்தோஷப்படவேண்டாம். முழுவதும் கட்டவில்லை, பேசித் தீர்த்தது என்று விவரக் குறிப்பில் எழுதிவிடுவார்கள். அது மார்க்கைப் பாதிக்கும்.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும், மாலை 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக்கூடாது. அவமானப்படுத்தக்கூடாது, மிரட்டக்கூடாது. மீறினால் முதலில் பாங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

கடன் தீர்ந்த பிறகு கார்டு வேண்டாம் என்று தோன்றினால், பாங்கிக்கு எழுதிக் கொடுத்தால் 7 வேலை நாளுக்குள் கணக்கை மூடவேண்டும். தாமதம் செய்தால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் வீதம் பாங்கிதான் வாடிக்கையாளருக்குக் கொடுக்கவேண்டும். கணக்கில் பாக்கி இருக்கக்கூடாது என்பது ஒன்றே நிபந்தனை.